அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

வீட்டிலேயே முதியவர்களைப் பராமரிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில், சேலம் மாவட்டத்திலிருந்து வந்த மூன்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றையும் எழுதியவர்கள் மகன்கள். மூன்று வீடுகளிலும் தந்தை இனி குணமாக மாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் கடிதத்தில் கேட்கப்பட்டவை பல வீடுகளில் கேட்கப்படாமலேயே போய்விடுகிறவை என்பதால், அதற்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களும் அடையாளங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். என் தந்தைக்கு வயது 71; அம்மாப்பேட்டையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் பட்டு வேட்டி நெய்தவர். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது, அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை, இன்னும் சில மாதங்கள்தான் என்று மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அம்மாவும் தாய்மாமாவும் சேர்ந்து அவரிடம் "குடல் புண்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். போன வாரம் திண்ணையில் உட்கார வைத்தபோது, "எனக்கு என்னதான்டா வந்திருக்கு, நீயாவது சொல்லு" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லப்பா, மாத்திரை சாப்பிட்டா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைத்தறியில் இனி என்ன வருமானம் என்று அவரோடு வாதாடி, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கச் செய்து, 2011-இல் நான்கு விசைத்தறிகள் போட்டேன். மறு ஆண்டு மின்வெட்டு வந்தது. ஒரு நாளில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் கூலியில் எதுவும் மிஞ்சாது. சொன்ன தேதிக்குத் துணி கொடுக்க முடியாமல் போனதால் நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்தவரும் நிறுத்திக்கொண்டார். எங்கள் தெருவில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் அதே நிலைமைதான். தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனேன். மீதிக் கடனை என் தந்தை ஏழு ஆண்டுகள் தறிக்குழியில் உட்கார்ந்து அடைத்தார். அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்தில் நினைத்துக்கொண்டே வருகிறேன். முகத்தைப் பார்த்ததும் பேச்சு வருவதில்லை.

வலிக்கு மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது போதை மருந்து, கடைசிக் கட்டத்தில் கொடுப்பது, பழகிவிட்டால் விடாது என்று மாமா பாதி மாத்திரைதான் கொடுக்கிறார். அப்பா இரவெல்லாம் முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஏற்காட்டிற்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ என்று வேறு கேட்கிறார். வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று அம்மா மறுக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

(அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: தம்பி, நீங்கள் மூன்றாவதாக எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வலியில் குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் எந்த உண்மையையும் பேச முடியாது, எந்த மன்னிப்பையும் கேட்க முடியாது. நீங்கள் விவரித்த அந்த உட்காரும் விதம் கணையப் புற்றுநோய் வலியில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. மல்லாந்து படுத்தால் வலி முதுகுக்குப் பாயும், முன்னால் குனிந்தால் சற்றுக் குறையும். அதாவது உங்கள் தந்தை இரவெல்லாம் தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்துகொண்டிருக்கிறார், உண்மையான மருந்து பக்கத்து அலமாரியில் இருக்கும்போதே.

மார்பின் என்பது சாவுக்கு முந்தைய நாள் கொடுக்கும் மருந்து அன்று. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்துக் கொடுத்த படிமுறையில் கடும் வலிக்கு உரிய மருந்தாக அது இருக்கிறது. வலி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் அதைக் கொடுக்கிறோம், எத்தனை நாள் மிச்சம் என்பதைப் பார்த்து அன்று. சாதாரண மார்பின் மாத்திரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து, வலி தலைதூக்குவதற்கு முன்பே அடுத்த வேளையைக் கொடுத்துவிட வேண்டும். வலி முற்றிய பிறகு பாதி மாத்திரை கொடுத்தால் வலி அடங்காது, அவர் திரும்பத் திரும்பக் கேட்பார். அப்படிக் கேட்பதைப் பார்த்துத்தான் "பழகிவிட்டது" என்று உங்கள் மாமா பயப்படுகிறார். அந்தக் கேட்டல் போதைப் பழக்கத்தால் வருவது அன்று. தீராத வலி கேட்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக உட்கொள்பவர்கள் அடிமையாவது மிக அரிது. சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதும் இல்லை.

அதனால் வரும் தொல்லை வேறு. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். எனவே மலமிளக்கியைக் கூடவே தொடங்கி, தினமும் தவறாமல் கொடுக்க வேண்டும். முதல் சில நாள்கள் குமட்டலும் தூக்கமும் இருக்கலாம், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. முழு அளவு கொடுத்தும் வலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றின் பின்புறம் உள்ள நரம்புப் பின்னலில் ஊசி போட்டு இந்த வலியைக் குறைக்கும் முறையும் இருக்கிறது, அது உங்கள் தந்தைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மாமாவோடு சண்டை போடாதீர்கள். அடுத்த முறை அவரையே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அவருடைய பயத்தை அவர் வாயாலேயே மருத்துவரிடம் கேட்கச் செய்யுங்கள். அக்கா கணவரின் மேல் உள்ள அன்பினால்தான் அவர் மாத்திரையை உடைக்கிறார்.

இந்த மருந்து கிடைப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அத்தனை உரிமங்களைக் கேட்டதால் பல மருத்துவமனைகள் மார்பினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் நிலைமை சற்றுத் தளர்ந்தது. இரவில் மருந்தில்லாமல் கத்திய நோயாளிகளின் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாத்திரை வீட்டில் இருந்தும் அது பாதியாக உடைபடுகிறது என்று படித்தபோது எனக்கு மிகவும் வலித்தது.

இனி, மறைப்பதைப் பற்றி. உங்கள் தந்தை உங்களிடம்தான் கேட்டிருக்கிறார். அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்கவில்லை. அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். "நீயாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். உடல் மெலிகிறது, கண் மஞ்சளாகிறது, வந்து பார்க்கும் உறவினர்கள் கட்டிலருகே ஒரு முகத்தோடும் வாசலில் ஒரு முகத்தோடும் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் ஒற்றை இழை அறுந்தாலும் கண்டுபிடித்த கண்களுக்கு இவை தெரியாமல் போகுமா? பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தவர்கள், வீட்டார் மறைப்பதைக் கண்டு, அவர்களுடைய நிம்மதிக்காகத் தாமும் மறைக்கிறார்கள்.

என் வீட்டிலேயே இது நடந்தது. நான் மருத்துவராகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு என் தந்தைக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிற நானே அவரிடம் "சளிக்கட்டு" என்று சொன்னேன். அவர் இறந்த பிறகு பீரோவைத் திறந்தபோது, வீட்டு வரி ரசீது எங்கே, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, என் தங்கைக்கு எந்த நகை என்று ஒரு பழைய நாட்குறிப்பில் தெளிவாக எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் இருந்த தேதி, நான் "சளிக்கட்டு" என்று சொன்ன நாளுக்கு மறுநாள். ஆறு வாரங்கள் நான் அவருக்காக நடித்தேன், அவர் எனக்காக நடித்தார். அந்த ஆறு வாரங்களில் நாங்கள் பேசியிருக்கக்கூடியவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே சொல்லுங்கள், ஆனால் கொட்டிவிடாதீர்கள். வலி அடங்கியிருக்கும் ஒரு காலை நேரத்தில், வீட்டில் கூட்டம் இல்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்குக் கேட்டீங்களேப்பா, நான் சரியாப் பதில் சொல்லல. உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று தொடங்குங்கள். அவர் "புத்துநோய்தானே" என்று சொன்னால் "ஆமாப்பா" என்பது மட்டுமே போதும். அதற்குப் பிறகு வரும் மௌனத்தை நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாறிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான் அவருக்கு வேண்டும் என்று பொருள். எத்தனை நாள் என்று கேட்டால் கணக்குச் சொல்லாதீர்கள், மருத்துவர்களாகிய நாங்களே அதில் அடிக்கடி தவறுகிறோம். "நாள் அதிகம் இல்லைன்னு டாக்டர் சொல்றாங்க, கடைசி வரைக்கும் வலி இல்லாம பாத்துக்குவோம், நான் கூட இருப்பேன்" என்பது உண்மை, அதைச் சொல்லலாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதாக இருக்க வேண்டாம், அவருக்குத் தெரியாமல் நடந்ததாகவும் இருக்க வேண்டாம்.

உண்மை வெளியே வந்தபின் ஒரு காரியம் செய்ய முடியும். இறுதிக் கட்டத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இந்த உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரி முன் கையொப்பமிட்டால் போதும் என்றது. அவர் விரும்பினால் செய்யட்டும். நோயே தெரியாதவரிடம் இதை எப்படிக் கேட்பீர்கள்?

இப்போது அந்தக் கடனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மின்வெட்டு, டீசல், பாவு கொடுத்தவர் நிறுத்தியது, மற்றவர்களுக்கும் அதே நிலைமை என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா அடைத்த ஏழு ஆண்டுகளுக்கு ஒரே ஒரு வரி. நீங்கள் எழுதிய காரணங்கள் எல்லாம் உண்மை. 2012-இல் இந்த மாவட்டத்தில் விசைத்தறி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நானும் நேரில் பார்த்தவள்தான். ஆனாலும் மன்னிப்புக் கேட்கும்போது அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காரணத்தோடு கேட்கப்படும் மன்னிப்பு எதிரில் இருப்பவர் காதில் வழக்காகத்தான் விழும், அவர் உடனே நீதிபதியாக வேண்டியிருக்கும். உங்கள் தந்தை பதினான்கு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் உட்கார மறுத்திருக்கிறார். அவருடைய மௌனத்தை நீங்கள் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மகனை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று அவர் எடுத்த முடிவாகவும் அது இருந்திருக்கலாம் அல்லவா?

இரண்டு வாக்கியம் போதும். "அப்பா, நான் சொன்னதைக் கேட்டு நீங்க வீட்டை வச்சீங்க. அந்தக் கடனை நீங்க தனியா அடைச்சீங்க, அதுக்கு நான் பக்கத்துல இல்ல, தப்புப் பண்ணிட்டேன்." பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அவர் "அதெல்லாம் இப்ப எதுக்குடா" என்று சொல்லலாம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம், தண்ணீர் கேட்கலாம். தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுங்கள். நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். திரும்பவும் தொடங்கி, அவர் வாயிலிருந்து "மன்னித்தேன்" என்ற சொல்லை வாங்க முயல வேண்டாம்; இருக்கும் சிறிது பலத்தில் உங்களைத் தேற்றும் வேலையையும் அவர் தலையில் வைக்கக் கூடாது.

பேச்சு வரவில்லை என்கிறீர்கள். கண்ணுக்கு நேராக உட்கார்ந்து பேசுவது நம் ஊர் அப்பாக்களுக்கும் மகன்களுக்கும் பழக்கமில்லாதது. கைக்கு ஒரு வேலை இருந்தால் வரும். முகம் மழித்து விடுங்கள். வெந்நீரில் துண்டை நனைத்துத் தாடையில் வைத்து, மெதுவாக. நகம் வெட்டுங்கள். தறி மிதித்த அந்தக் கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து விடுங்கள். நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் சேர்த்துத்தான் நம் முன்னோர் மருத்துவத்தை நான்காக எண்ணினார்கள். அவருக்கு "உழைச்செல்வான்" என்று தனிப் பெயரே வைத்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள்கள் அந்த வேலையை அம்மாவிடமிருந்து முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்க்கும்போது தறியைப் பற்றிக் கேளுங்கள்: முதல் பாவு எந்த வயதில் ஓட்டினீர்கள், உங்களுக்குக் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தது யார், ஒரு வேட்டி முடிய அப்போது எத்தனை நாள் ஆனது என்று. அவர் தொழிலை வருமானக் கணக்கில் வைத்துத் தள்ளிப் பேசியவர் நீங்கள். இப்போது அதே வாயால் அதன் நுணுக்கத்தைக் கேட்டால், நீங்கள் சொல்ல நினைக்கும் மன்னிப்பில் பாதி அதிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

ஏற்காட்டிற்கு அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, வலி கட்டுக்குள் வந்த வாரத்தில், விரைவாக. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்திக்கான மாத்திரையை எப்போது கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்பின் வேளை தவறக் கூடாது. மாத்திரையையும் தண்ணீரையும் கையோடு வைத்திருங்கள். முன் இருக்கையைச் சாய்த்து, முதுகுக்கும் பக்கவாட்டிலும் தலையணை வையுங்கள். சனி, ஞாயிறும் கோடை விழாக் கூட்டமும் வேண்டாம். ஒரு புதன்கிழமை விடுப்பு எடுங்கள். மேலே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காலையில் குளிரும், கம்பளி வேண்டும். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைப் பக்கம் வண்டியை நிறுத்தினால், வந்த பாதையின் வளைவுகளும் அதற்குக் கீழே சேலமும் தெரியும். அம்மாப்பேட்டை எந்தப் பக்கம் என்று அவரைக் காட்டச் சொல்லுங்கள். அவர் ஏன் அங்கே போக ஆசைப்படுகிறார் என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். போகும் வழியில் கேளுங்கள். "வழியில் ஏதாவது ஆகிவிட்டால்" என்று அம்மா பயப்படுவது நியாயம்தான். அவரையும் பின் இருக்கையில் உட்கார வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்தப் போராட்டம் உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும். இந்த நோயில் பசி போய்விடும். சாப்பிடாததால் உடல் தேய்கிறது என்று வீட்டார் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நோய் முற்றுவதால்தான் சாப்பாடு இறங்குவதில்லை. கெஞ்சியும் அதட்டியும் ஊட்ட வேண்டாம். கேட்டபோது கேட்டதை இரண்டு வாய் கொடுத்தால் போதும்.

வீட்டிற்கு வந்து பார்க்கும் செவிலியருக்கு உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: என் தந்தை ஏற்காட்டில் இருக்கிறார். வயது 68. ஒரு தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக இரண்டு ஏக்கர் காப்பி இருக்கிறது. நுரையீரல் இறுகிப்போகும் நோய், வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறோம். நான் ஷார்ஜாவில் வேலையில் இருக்கிறேன். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. அதை இப்போது எடுப்பதா, கடைசி நேரத்திற்கு வைத்துக்கொள்வதா? "பழம் பறிப்பெல்லாம் முடியட்டும், அப்புறம் வா" என்று அப்பாவும் சொல்கிறார்.

(ஏற்காடு)

பதில்: இப்போதே வாருங்கள். பழம் பறிப்பு முடிய ஜனவரி, பிப்ரவரி ஆகும். இந்த நோயில் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலோடு நிலைமை திடீரென இறங்கிவிடக்கூடும். கடைசி நேரம் எது என்று எவராலும் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் நிலை வந்து, நீங்கள் விமானம் பிடித்து, கோவைக்கோ பெங்களூருக்கோ வந்து இறங்கி, மலை ஏறுவதற்குள் அவர் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம். காரியத்திற்கு வருகிற மகனைவிட, களத்தில் காப்பி காயும்போது பக்கத்தில் நிற்கிற மகன் அவருக்கு வேண்டும். "அப்புறம் வா" என்பது உங்கள் சம்பளத்தை நினைத்து அவர் சொல்வது. நிறுவனம் ஒப்புக்கொண்டால் இருபது நாளை இப்போது எடுத்து, பத்து நாளை மிச்சம் வையுங்கள்.

வந்ததும் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஆக்சிஜன் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. மலையில் மழைக்காற்றில் மரம் விழுந்தால் மின்சாரம் எத்தனை மணி நேரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். மாற்றுச் சிலிண்டர் ஒன்றை நிரப்பி வைத்து, அதை மாற்றும் முறையை வீட்டில் இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். அடுத்தது, கையில் பிடிக்கும் சிறிய மின்விசிறி ஒன்று. மூச்சுத் திணறும்போது மூக்கிற்கும் கன்னத்திற்கும் நேராகக் குளிர்ந்த காற்று படும்படி பிடித்தால் திணறல் உணர்வு குறையும். மிக எளிய, நன்றாக வேலை செய்கிற வழி. குறைந்த அளவு மார்பின் மூச்சுத் திணறலுக்கும் கொடுக்கப்படுகிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

திரும்பிப் போன பிறகு தினமும் ஐந்து நிமிடம் காணொளியில் பேசுங்கள். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும், அதற்கே அவருக்கு மூச்சு வாங்கும். கைபேசியை எடுத்துப் போய்க் களத்தைக் காட்டச் சொல்லி வீட்டாரிடம் சொல்லுங்கள். காப்பி காய்ந்தது போதுமா, கிளறிவிட வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். அவருக்குப் பேச முடியாத நாளில் நீங்கள் அன்றைய வேலையைச் சொல்லிக்கொண்டிருங்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தவர், நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது எங்களை விட்டுப் போனவர், கல்லீரல் முழுதும் கெட்டுப்போன நிலையில் இப்போது திரும்பி வந்திருக்கிறார். எனக்கு வயது 35. அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை. சொந்தக்காரர்கள், "என்ன இருந்தாலும் அப்பா" என்கிறார்கள். நான் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

(தாரமங்கலம்)

பதில்: பார்த்துக்கொள்வதும் மன்னிப்பதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி உங்கள் தலையில் வைக்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் வாழ்வாதாரம் தர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அன்பு காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். வலியில்லாமல், அழுக்கில்லாமல், பசியில்லாமல் ஒரு மனிதர் சாக வழிசெய்வதை மட்டும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் அரசு மருத்துவமனையில் சேர்ப்பது, மருந்து வாங்குவது, ஒரு ஆளைக் கூலிக்கு வைப்பது எல்லாமே பராமரிப்புத்தான். உங்கள் கையாலேயே செய்ய வேண்டும் என்பதில்லை.

கல்லீரல் செயலிழக்கும்போது மனம் குழம்பும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார், ஏசக்கூடும். மலச்சிக்கல் ஏற்பட்டால் குழப்பம் மோசமாகும். அதற்கென்று தருகிற மருந்தை நிறுத்தக் கூடாது. அப்போது அவர் வாயிலிருந்து வரும் வசவைப் பழைய வசவோடு சேர்த்து எண்ணாதீர்கள். அதேபோல் அந்த நிலையில் அவர் அழுது கேட்கும் மன்னிப்பையும் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில், விருப்பமிருந்தால், நீங்கள் பட்டதை அவரிடம் சொல்லுங்கள். கத்தாமல், நடந்ததை நடந்தபடி. நோயாளியிடம் அதைச் சொல்லலாமா என்று பலர் கேட்பார்கள். சொல்லலாம் என்பதே என் கருத்து. அவர் இறந்த பிறகு படத்திற்கு முன்னால் நின்று சொல்வதைவிட அது மேல்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். அவருக்குப் பணிவிடை செய்யும் வேலையை உங்கள் அம்மாவிடம் யாரும் தள்ளிவிட விடாதீர்கள். அவரிடம் தனியாக, ஒரே ஒரு முறை, "நீங்க பார்க்க விரும்புறீங்களாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, வாசலில் வந்து நிற்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.